கந்தல் துணியைக் காணவில்லை

"காணாமல் போனது என்ன?" என்று அத்தை கேட்டார்.

"ஒரு துணிங்கம்மா."

"என்ன துணி?"

"கந்தல் துணி. உள்ள பஞ்சு வச்சு உருண்டையா மடிச்சது. எலுமிச்சம்பழம் அளவு இருக்கும்."

நான் குறிப்பெழுதத் திறந்த பேனாவை மூடினேன். வைரத்தைத் தேடியிருக்கிறோம். ஓடிப்போன கணக்குப்பிள்ளையைத் தேடியிருக்கிறோம். ஒருமுறை ஒரு கிளியைக் கூடத் தேடியிருக்கிறோம், அது என் காதைக் கடித்தது. ஆனால் கரித்துணியைத் தேடி யாரும் எங்கள் மாடிப்படி ஏறியதில்லை.

"எங்க வீட்டு அடுப்படியில நாலு கிடக்கு, எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன்.

"நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டா நல்லா இருக்கும் மாப்பிள்ளை" என்றார் அத்தை.

ஆமாம், மாப்பிள்ளைதான். என் மாமியார் ஒரு துப்பறிவாளர், நான் அவருடைய உதவியாளர். இதை நான் நண்பர்களிடம் சொல்வதில்லை. எனக்கு வேலை போன மாதத்தில் என் மனைவி, "அம்மாவுக்குக் கூடமாட ஒரு ஆள் வேணுமாம், நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்றாள். அந்தச் 'சும்மாதானே'வில் மாட்டியவன் மூன்று வருடமாக வெளியே வரவில்லை. இதில் எனக்கு இருக்கிற ஒரே வசதி, மாப்பிள்ளையை அத்தையால் வாய்விட்டுத் திட்ட முடியாது என்பதுதான். மனசுக்குள் திட்டுவது மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் நன்றாகவே தெரியும்.

வந்திருந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பத்து விரல் நுனியும் தேன் தடவியதுபோல் பளபளத்தன. கிடார் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் 'பாலிஷ் அக்கா'. மேஸ்திரி மரத்தை இழைத்துக் கிடார் செய்வார், இவர் அதற்குப் பளபளப்பு ஏற்றுவார். பத்தொன்பது வருடமாக இப்படித்தான்.

"அரக்குச் சில்லை ஸ்பிரிட்ல ஊற வச்சுக் கரைச்சு, இந்த உருண்டையில நனைச்சு நனைச்சு மரத்துல தேய்க்கணும்மா. ஒரு கோட்டு போட்டாப் போட்டதே தெரியாது. நூறு கோட்டு போட்டா முகம் பாக்கலாம். அந்த உருண்டை ஏழு வருஷம் பழகினது. என் கை எங்க போகும்னு அதுக்குத் தெரியும்."

"புதுசா ஒண்ணு கட்டிக்கலாமே?" என்றார் அத்தை.

"கட்டலாம். புதுத் துணி நூல் விடும். முதல் கோட்டுன்னாப் பரவால்ல, தேய்ச்சு எடுத்துடலாம். இது கடைசிக் கோட்டு. ஒரே ஒரு பிசிறு ஒட்டினாலும் கண்ணாடியில முடி விழுந்த மாதிரி தெரியும்."

"எப்போ காணாமப் போச்சு?"

"திங்கக்கிழமை சாயங்காலம் ஜாடியில போட்டு மூடிட்டு வீட்டுக்குப் போனேன். நேத்து செவ்வாய்க்கிழமை காலையில திறந்தா, உள்ள வேற உருண்டை இருக்கு. கையில எடுத்ததுமே தெரிஞ்சுடுச்சு. வேற யாரோட குழந்தையையோ தூக்கின மாதிரி இருந்தது."

முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டே மீதியையும் சொன்னார். நாளைக் காலை பதினோரு மணிக்குக் கிடாரை வாங்க ஒரு பெண் வருகிறாள். மறுநாள் அவளுக்கு இசைக் கல்லூரியில் நுழைவுத் தேர்வு. மேஸ்திரி நேற்றே அவளுக்குப் போன் செய்து, "பாலிஷ்காரம்மா அஜாக்கிரதையா சாமானைத் தொலைச்சிட்டாங்க, கண்ணாடிப் பாலிஷ் வராது, மங்கலாத்தான் தருவேன்" என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பெண் அக்காவைப் போனில் கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டாளாம்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கிடார், மெஷின்ல பெயின்ட் அடிக்கிற ஸ்ப்ரேக்காரன்கிட்ட போகுது. இது நல்லா அமைஞ்சா இனிமே எல்லா வேலையும் அங்கதான்னு மேஸ்திரி சொல்லிட்டார். பத்தொன்பது வருஷமா ஒரு தடவை கூட நான் எதையும் தொலைச்சதில்லம்மா. தொலைச்சவள்னு பேரு வாங்கிட்டு நான் வெளிய போக மாட்டேன். அது மட்டும் முடியாது."

அத்தை மணியைப் பார்த்தார். பதினொன்று பத்து. "அஞ்சு மணிக்குள்ள கண்டுபிடிச்சுடலாம்" என்றார், பால் வாங்கி வருவதாகச் சொல்வதுபோல.

ஸ்கூட்டரை அத்தைதான் ஓட்டுவார். பின்னால் உட்கார்ந்து போகிற மாப்பிள்ளையைப் பார்த்துச் சிக்னலில் சிரிக்கிறவர்களுக்கு நான் கையசைத்துப் பழகிவிட்டேன்.

பட்டறை என்பது நீளமான ஒரே அறை. தரையெல்லாம் மரச்சுருள். மேலே ஒரு கம்பியில், இன்னும் தந்தி கட்டாத நான்கைந்து கிடார்கள் தொங்கின. ஒரு பக்கம் இரும்புக் கம்பி போட்ட பெரிய ஜன்னல், அதன் கீழே அக்காவின் மேஜை. மேஜைமேல் கம்பளி விரித்து, அதில் முதுகு மேலே தெரியும்படி அந்தக் கிடார் படுத்திருந்தது. அழகுதான். ஆனால் பாதி உலர்ந்த தரை மாதிரி, பளபளப்பு வருவேனா மாட்டேனா என்று நின்றது.

மேஸ்திரிக்கு அறுபது வயது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"துணிக்கு டிடெக்டிவா? நாளைக்கு ஆணி தொலைஞ்சா ராணுவத்தைக் கூப்பிடுவாங்க போல."

சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டதால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அலமாரியை ஒட்டி அகலக் கை வைத்த பழைய மர நாற்காலி ஒன்று இருந்தது. நான் அதை நோக்கி நகர்ந்தேன்.

"அதுல உக்காராதீங்க!" என்று கத்தினார் மேஸ்திரி.

"உடைஞ்சதா?"

"என் நாற்காலி. வேற யாரும் உக்காரக் கூடாது."

வீட்டில் என் மாமனார் நாற்காலிக்கும் இதே சட்டம்தான். பேசாமல் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். அது என் பாரத்தைப் பற்றி வெளிப்படையாகக் கருத்துச் சொன்னது.

அத்தை ஜாடியைத் திறந்து, திருடன் வைத்துவிட்டுப் போன போலி உருண்டையை எடுத்தார். முகர்ந்தார். அடியில் திருப்பிப் பார்த்தார். அக்காவிடம் நீட்டினார்.

"மடிப்பு எப்படிம்மா இருக்கு?"

அக்கா யோசித்தார். "மடிப்பு... சரியாத்தான் இருக்கு. முன்னாடி மூக்கு மாதிரி கூரா வந்து, பின்னாடி திருகி, சுருக்கம் ஒண்ணு கூட அடியில வராம."

"ஸ்ப்ரேக்காரன்தான்!" என்றார் மேஸ்திரி. "அவனுக்குத்தான் இந்தப் பட்டறை மேல கண்ணு. போய் அவனைப் பிடிங்க. எங்கிட்ட என்ன இருக்கு? நாப்பது வருஷத்துல என் கையில ஒரு தப்பு வந்தது கிடையாது. ஊரைக் கேட்டுப் பாருங்க."

"கேக்கறேன்" என்றார் அத்தை. "மத்தியானம் பட்டறையில யார் இருப்பாங்க?"

"நான் இருப்பேன்" என்றார் அக்கா. "மேஸ்திரியும் இருப்பார், வீட்டுல இருந்து டப்பாவுல கொண்டு வந்து இங்கதான் சாப்பிடுவார். நேத்தும் இன்னிக்கும் மட்டும் கடையில சாப்பிடப் போறேன்னார்."

அலமாரியில் ஒரு எவர்சில்வர் டப்பாவை நான் வந்ததிலிருந்து கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். மணி பன்னிரண்டு ஆகிவிட்டால் என் கண் தானாக டப்பாக்களைத் தேடும்.

"வீட்டுச் சாப்பாடு அலுத்துப் போச்சு" என்றார் மேஸ்திரி.

"எனக்குப் புரியுது சார்" என்றேன், மனம் உருகி.

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் அவருடைய மகளின் சமையல் முழுவதும் இருந்தது. நான் தரையில் கிடந்த மரச்சுருளை ஆராய்ச்சி செய்தேன்.

ஸ்ப்ரே அண்ணனின் கடை இரண்டு தெரு தள்ளி. கம்ப்ரசர் சத்தத்தில் நாங்கள் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு ஒரு கட்டில் தலைமாட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நான் கடையை ஒரு சுற்றுப் பார்த்தேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். கீழே பார்த்ததும் என் ரத்தம் சூடேறியது.

அத்தையின் காதில், "பிடிச்சுட்டேன்!" என்றேன்.

"என்னத்தை?"

"ஷூவைப் பாருங்க!"

கறுப்பு ஷூ. குனிந்தால் தலை வாரிக்கொள்ளலாம், அப்படிப் பளபளப்பு. நான் கம்ப்ரசரை அணைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"உங்க ஷூ எப்படி இவ்வளவு பளபளக்குது?"

அவர் முகமூடியைக் கழற்றினார். "பாலிஷ் போட்டேன்."

"என்ன பாலிஷ்?"

"ஷூ பாலிஷ்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவர் யாரு?" என்று அவர் அத்தையைக் கேட்டார்.

"என் பொண்ணைக் கட்டியிருக்கார்" என்றார் அத்தை. அதில் ஒரு தாயின் முழுத் துயரமும் இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் ஸ்ப்ரே அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தக் கந்தலை நான் எடுத்து என்ன பண்ணப் போறேன்? என் மெஷின்ல ஒரு பிசிறு போனாலே மூக்கு அடைச்சுக்கும். அதுவுமில்லாம அந்தக்கா கைவேலை மேல எனக்கு மரியாதை உண்டு. எனக்கு அது வராதும்மா, வராதுன்னு எனக்கே தெரியும். அதான் மெஷின் வாங்கினேன்."

"மேஸ்திரியோட கிடார் இன்னிக்கு உங்ககிட்ட வருதாமே?"

"ஆமா. அதான் எனக்கும் ஆச்சரியம். இருபது வருஷமா என் வேலையைப் பிளாஸ்டிக்னு திட்டிட்டு இருந்த மனுஷன். திடீர்னு போன் பண்ணி, ஒரு கிடாருக்கு மங்கல் கோட்டு அடிச்சுக் குடு, கொஞ்சம் கூடப் பளபளக்கக் கூடாதுன்னார். உடம்பு சரியில்லையான்னு கேட்டேன். மேல கேக்காதேன்னு வச்சுட்டார்."

"எப்போ போன் பண்ணார்?"

"மத்தியானம். சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"நேத்து மத்தியானமா?"

"இல்லம்மா, திங்கக்கிழமை. கட்டில்காரங்க அட்வான்ஸ் கொண்டு வந்தன்னிக்கு."

அத்தை கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மாட்டிக்கொண்டார். அப்படிச் செய்தால் வழக்கு முடிந்தது என்று அர்த்தம். எனக்கு மட்டும் ஒன்றும் முடிந்த மாதிரி தெரியவில்லை.

ஸ்கூட்டரில் வரும்போது கேட்டேன். "என்ன அத்தை கண்டுபிடிச்சீங்க?"

"உருண்டை எப்போ காணாமப் போச்சு மாப்பிள்ளை?"

"செவ்வாய்க்கிழமை காலையில."

"அக்கா பாத்தது செவ்வாய்க்கிழமை. கடைசியா ஜாடியில போட்டு மூடினது?"

"திங்கக்கிழமை சாயங்காலம்."

"மேஸ்திரி ஸ்ப்ரேக்கு ஏற்பாடு பண்ணினது?"

"திங்கக்கிழமை மத்..." நான் பின்சீட்டில் நிமிர்ந்தேன். "அடப்பாவி! தொலையறதுக்கு முன்னாடியே தொலைஞ்சதுக்கு ஏற்பாடு பண்ணியிருக்கார்!"

"அதோட, போலி உருண்டையை அவ்வளவு அழகா மடிக்கத் தெரிஞ்சவங்க இந்தச் சுத்துவட்டாரத்துல ரெண்டே பேர்தான். ஒருத்தங்க நம்ம கிளையன்ட்."

"ஆனா ஏன் அத்தை? சொந்தக் கிடாருக்கு வர்ற பளபளப்பை எவனாவது தடுப்பானா?"

"அதுதான் எனக்கும் தெரியல. பாலிஷ் போடறதுக்காகத் துணியைத் திருடலை. போடக் கூடாதுன்னு திருடியிருக்கார்."

"இந்நேரம் அடுப்புல போட்டிருப்பார்."

அத்தை சிக்னலில் காலை ஊன்றிக்கொண்டு திரும்பினார். "நீங்களா இருந்தாப் போட்டிருப்பீங்க. நானும் போட்டிருப்பேன். நாப்பது வருஷம் இந்தத் தொழில்ல இருக்கறவரு போட மாட்டார். கை வராது. காத்துப் பட்டாலே அது கல்லாப் போயிடும்னு அவருக்குத் தெரியும். ஒளிச்சு வச்சாலும் தினமும் நாலு சொட்டு ஸ்பிரிட் ஊத்தி உயிரோடதான் வச்சிருப்பார்."

நாங்கள் திரும்பிப் போனபோது மணி மூன்றரை. மேஸ்திரி கிடாரை ஒரு போர்வையில் சுற்றத் தொடங்கியிருந்தார். அக்கா ஜன்னல் பக்கம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"பிடிச்சீங்களா அவனை?" என்றார் மேஸ்திரி.

"பிடிச்சாச்சு" என்றார் அத்தை. "மாப்பிள்ளை, ரொம்ப அலைஞ்சுட்டீங்க. உக்காருங்க."

"எங்க அத்தை?"

"அந்த நாற்காலியில."

மேஸ்திரி "ஏய்!" என்று பாய்வதற்குள் நான் உட்கார்ந்துவிட்டேன். மாமியார் உட்காரச் சொல்லும் சந்தர்ப்பம் எனக்கு வருடத்துக்கு இரண்டு முறைதான் வரும். விடுவேனா? நன்றாகச் சாய்ந்து, இரண்டு முழங்கையையும் நாற்காலிக் கைகளில் ஊன்றினேன்.

"இப்போ எழுந்திருங்க" என்றார் அத்தை.

"இப்பத்தானே உக்காந்தேன்!"

"எழுந்திருங்க மாப்பிள்ளை."

எழுந்தேன். இடது கை வந்தது. வலது கை வரவில்லை. இழுத்தேன். சட்டை மட்டும் அங்கேயே இருப்பேன் என்றது. பலம் கொடுத்து இழுத்ததில் 'சர்ர்' என்று ஒரு சத்தத்தோடு விடுபட்டேன். நாற்காலியின் வலது கையில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தேன் நிறத்தில் பளபளப்பு. அதன் நடுவில் என் சட்டையின் கட்டம் கட்டமான நெசவு அச்சு எடுத்ததுபோல் பதிந்திருந்தது.

"என்னக்கா இது?" என்று அத்தை பாலிஷ் அக்காவைக் கேட்டார்.

அக்கா வந்து குனிந்து, ஒரு விரலால் தொட்டு, முகர்ந்தார். "அரக்கு. உருண்டையை நனைச்சா உபரி நிறைய இருக்கும். அதை எதுலயாவது தட்டி எடுத்துட்டுத்தான் வேலையைத் தொடணும். நான் இந்தப் பலகைத் துண்டுல தட்டுவேன்." அவர் மெதுவாக நிமிர்ந்தார். "மேலாகக் காஞ்சிருக்கு, உள்ள ஈரம். இன்னிக்குக் காலையில தட்டியிருக்காங்க. நேத்தும் தட்டியிருக்காங்க."

"பழக்க தோஷம்" என்றார் அத்தை. "மாப்பிள்ளை, பசிக்குதா?"

"அதை வேற கேக்கணுமா?"

"அந்த அலமாரியில ஒரு டப்பா இருக்கே. திறந்து பாருங்க."

மேஸ்திரி அப்படியே மேஜை விளிம்பில் சாய்ந்துவிட்டார். நான் டப்பாவை எடுத்தேன். மூடி அவ்வளவு இறுக்கம். என் முழு ஆசையையும் சேர்த்துத் திருகித் திறந்தேன். குப்பென்று ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. உள்ளே சோறும் இல்லை, கறியும் இல்லை. எலுமிச்சம்பழம் அளவில், பழுப்பேறி, ஈரமாக, சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது ஒரு கந்தல் உருண்டை.

அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அழுத்திப் பார்த்தார். "நல்லா வச்சிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டதும் மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"ஏன் மேஸ்திரி?" என்றார் அத்தை.

அவர் போர்வையை விலக்கி, கிடாரின் முதுகில் இடுப்புப் பகுதியைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சுரண்டும்போது கை அழுந்திடுச்சு. சின்னப் பள்ளம். காகிதத்தோட கனம்கூட இருக்காது. மங்கலா இருக்கற வரைக்கும் கடவுளே வந்தாலும் தெரியாது. கண்ணாடிப் பாலிஷ் ஏறிட்டா அவ்வளவுதான். ஜன்னல் எதிர்ல பிடிச்சா உள்ள தெரியற கம்பி அந்த இடத்துல மட்டும் வளையும். பாக்கறவங்க சொல்லிடுவாங்க, மேஸ்திரிக்குக் கை போச்சுன்னு. வயசாயிடுச்சுன்னு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாப்பது வருஷத்துல ஒரு தப்பு வரலைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன். திங்கக்கிழமை காலையில தடவிப் பாத்தப்போ கண்டுபிடிச்சேன். எனக்கு வேற வழி தோணலை."

"உங்க பேரு கெடக் கூடாதுன்னு அவங்க பேரைக் கெடுத்துட்டீங்க" என்றார் அத்தை. குரலை உயர்த்தவில்லை. அத்தை குரலை உயர்த்தாதபோது நான் வழக்கமாக அறையை விட்டுப் போய்விடுவேன்.

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன். இந்நேரம் உளியோ சுத்தியோ பறக்கும் என்று எதிர்பார்த்து ஒரு அடி பின்னால்கூட வைத்தேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல்.

"திங்கக்கிழமைதான் உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்றார்.

"ஆமா."

"எனக்கு மூணு வாரமாத் தெரியும். முதல் கோட்டு போடும்போதே அந்த இடத்துல கை லேசா வழுக்குச்சு. அப்போலேர்ந்து தினமும் அங்க மட்டும் ரெண்டு கோட்டு கூடப் போட்டு ரொப்பிக்கிட்டு வர்றேன். கிட்டத்தட்ட ரொம்பியாச்சு. நேத்துக் கடைசிக் கோட்டு போட்டிருந்தா சமமாயிருக்கும். பள்ளத்தை மூடற துணியைக் கொண்டு போயி டப்பாவுல ஒளிச்சு வச்சிருக்கீங்களே மேஸ்திரி!"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அத்தை கூட முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார் மேஸ்திரி, குழந்தைபோல.

"போன தடவை சொன்னேனே, நினைவிருக்கா? ஒரு மூட்டுல மயிரிழை இடைவெளி இருக்குன்னு. ஒரு வாரம் பட்டறையைப் பூட்டிட்டுப் படுத்துக்கிட்டீங்க. அன்னிலேர்ந்து சொல்றதை விட்டுட்டேன்."

"அன்னிலேர்ந்துன்னா?" மேஸ்திரி ஒரு அடி முன்னால் வந்தார். "எத்தனை?"

"இதோட பதினொண்ணு."

மேஸ்திரி அண்ணாந்து, கம்பியில் தொங்கிய கிடார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவை எல்லாம் அவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"எதெது?"

"அப்புறம் பேசலாம். முதல்ல ஒரு வேலை இருக்கு" என்று அத்தை தன் போனை அவர் முன்னால் நீட்டினார். "அந்தப் பொண்ணோட நம்பரைப் போடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி பேசுங்க."

மேஸ்திரி போனைப் பார்த்த பார்வை, பல் பிடுங்கும் கருவியைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஆனால் வாங்கினார். எண்களை அழுத்தினார். அந்தப் பக்கம் ஒரு இளம் குரல் கேட்டது.

"நான் கிடார் மேஸ்திரி பேசறேன்மா. நேத்து பாலிஷ்காரம்மா சாமானைத் தொலைச்சிட்டாங்கன்னு சொன்னேன் இல்ல? அவங்க தொலைக்கலை. நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன். கிடார்ல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், அது வெளிய தெரியக் கூடாதுன்னு. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. என்னை மன்னிச்சிடும்மா."

மேஸ்திரியின் நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணாடிக்குள் இறங்கியது.

"அவங்க பக்கத்துல இருக்காங்களா? போனைக் குடுங்க" என்றது குரல். அக்கா வாங்கிக் காதில் வைக்காமலே பிடித்துக்கொண்டார். "அக்கா... நான் நேத்து உங்களை ரொம்பப் பேசிட்டேன். பயத்துல பேசிட்டேன். வேணும்னு பேசலை."

அக்காவுக்கு இப்போதுதான் அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "பரவால்லம்மா. நாளைக்குச் சொன்னபடி பதினோரு மணிக்கு வா. கண்ணாடிப் பாலிஷே தர்றேன்" என்றார். உடனே ஏதோ ஞாபகம் வந்தவராக, "வரும்போது சென்ட் கிண்ட் அடிச்சுக்கிட்டு வந்துடாதே. பட்டா பாலிஷ் கரைஞ்சிடும்" என்று அதட்டினார்.

போனை அத்தையிடம் கொடுத்துவிட்டு அக்கா மேஜைக்குப் போனார். உருண்டையில் அரக்குக் கரைசல் சில சொட்டு, எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. பலகைத் துண்டில் மூன்று தட்டு. பிறகு விமானம் இறங்குவதுபோல் மரத்தின் ஓரத்திலிருந்து கையை இறக்கினார். வட்டம், வட்டம், எட்டு எழுதுவதுபோல் ஒரு வளைவு, மறுபடி வட்டம்.

"எந்தப் பத்து?" என்றார் மேஸ்திரி, பின்னாலேயே போய்.

அக்கா பதில் சொல்லவில்லை.

"மூத்த பாட்டு வாத்தியாருக்குச் செஞ்சோமே, அதுவா?"

பதில் இல்லை. மேஸ்திரி என் பக்கம் திரும்பி, "கை மரத்து மேல ஓடும்போது நிக்கக் கூடாது. ஒரு நொடி நின்னாலும் துணி ஒட்டிக்கிட்டு மொத்தப் பாலிஷும் பிய்ஞ்சிடும்" என்று மெதுவாக விளக்கினார். "அதான் பேச மாட்டேங்கறாங்க." அந்த விளக்கத்தில் அவருக்கே முழு நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

நாற்பது நிமிடம் அவர் அங்கேயே நின்றார். நடுவில் நிழல் விழுகிறது என்று அக்கா முழங்கையால் அவரைத் தள்ளி நிறுத்தினார். நாற்பது வருட மேஸ்திரி, மூச்சுக் காட்டாமல் நகர்ந்துகொண்டார். நாலே முக்காலுக்கு ஸ்ப்ரே அண்ணன் கிடாரை வாங்க வாசலில் வந்து நின்றார். நிலைமையைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அக்கா கையை மறு ஓரம் வழியாக வெளியே எடுத்தார். கிடாரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, முதுகை ஜன்னலுக்குக் காட்டினார். மாலை வெளிச்சம் முழுக்க அதற்குள் இறங்கிவிட்டது. ஜன்னலின் ஆறு கம்பியும் உள்ளே தெரிந்தன, ஆறும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக.

மேஸ்திரி கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். தலையைச் சாய்த்து, குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, பள்ளத்தைத் தேடு தேடு என்று தேடினார்.

"எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியலையே" என்றார், கண்ணில் நீர் கட்டிக்கொண்டு.

அக்கா உருண்டையை ஜாடியில் போட்டு, மூடியைத் திருகி இறுக்கினார்.

"மத்த பத்தும் அப்படித்தான் மேஸ்திரி."